கிரஷரில் தூசி அளந்தார்கள் சரி, யார் மேல் அளந்தார்கள்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஜல்லியும் எம்-சாண்டும் எடுக்கிற கிரஷரில் நீங்கள் சூப்பர்வைசர். போன மாதம் ஒரு லேப்பில் இருந்து வந்து, ஆபீஸ் ஷெட் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு மிஷினை 24 மணி நேரம் ஓடவிட்டுப் போனார்கள். ரிப்போர்ட்டில் "ரெஸ்பிரபிள் டஸ்ட் 88 மைக்ரோகிராம், வரம்பு 100, சரி" என்று வந்திருக்கிறது. ஆனால் கல்லை நசுக்கும் ஜா கிரஷர் மிஷினின் வாயில் நிற்கிற ஆள் சாயங்காலம் சட்டையை உதறினால் மாவு மில்லில் இருந்து வந்தவர் மாதிரி கொட்டுகிறது. ரிப்போர்ட் பொய்யா என்று கேட்கிறீர்கள்.

பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த எண் சரியாகவே இருக்கலாம். ஆனால் அது நீங்கள் கேட்கும் கேள்விக்கான பதில் இல்லை. ஊர்க்காற்று எப்படி இருக்கிறது என்பதற்கு அது பதில். அந்த ஆள் எட்டு மணி நேரத்தில் எவ்வளவு தூசியை மூச்சில் இழுத்தார் என்பதை அது தொடவே இல்லை.

இந்தக் குழப்பத்தில் பாதி, பெயரால் வந்தது. நம் நாட்டில் சுற்றுச்சூழல் அளவீட்டுக்கு ஓடுகிற அந்தப் பெரிய பெட்டிக்கே "ரெஸ்பிரபிள் டஸ்ட் சாம்ப்ளர்" என்று பெயர். லேப்காரர்கள் வாயில் ஆர்.டி.எஸ். அது நிமிடத்துக்கு ஒரு கன மீட்டருக்கு மேல் காற்றை இழுத்து, சுமார் 10 மைக்ரானுக்குக் கீழே உள்ள தூசியைப் பிடிக்கிறது (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பி.எம். 10 என்று செய்தியில் படிப்பது அதைத்தான். 24 மணி நேரச் சராசரியாக, கன மீட்டர் காற்றுக்கு 100 மைக்ரோகிராம் என்ற வரம்பும் 2009-இல் அறிவித்த தேசியக் காற்றுத் தர அளவுகோலில் இருந்து வருவது. குழந்தை, கிழவர், நோயாளி எல்லோரும் ராப்பகலாக மூச்சு விடுகிற ஊர்க்காற்றுக்குப் போட்ட கோடு அது. தொழிலாளர் நலம் பார்க்கிறவர்கள் "ரெஸ்பிரபிள்" என்று சொன்னால் அது வேறு சரக்கு. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகக்கூடிய தூசி என்று பொருள். கருவி 4 மைக்ரான் துகள்களில் பாதியை உள்ளே விட வேண்டும், அதைவிடப் பெரியதைப் பெரும்பாலும் தள்ளிவிட வேண்டும் என்று சர்வதேசத் தரநிலை அதை வரையறுக்கிறது. ஒரே சொல், இரண்டு கருவி, இரண்டு அளவு. நல்ல படிப்புப் படித்த பாதுகாப்பு அதிகாரிகளே இதில் வழுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சட்டைத் தூசிக்கு வருகிறேன், ஏனென்றால் அதுவும் சரியான சாட்சி இல்லை. உதறினால் கொட்டுவது பெரும்பாலும் பெரிய துகள். அதை மூக்கும் தொண்டையும் பிடித்துச் சளியாக வெளியே தள்ளிவிடும். நுரையீரலைக் கெடுப்பது கண்ணுக்குத் தெரியாத பொடி. 5 மைக்ரான் குவார்ட்ஸ் துகள் ஒன்று அசையாத காற்றில் வினாடிக்கு 2 மில்லிமீட்டர்தான் இறங்கும். மூக்கு உயரத்தில் இருந்து தரையைத் தொட 12 நிமிடத்துக்கு மேல் ஆகும். 1 மைக்ரான் துகளுக்கு ஐந்து மணி நேரம் வரை பிடிக்கும். கிரஷரில் காற்று எங்கே அசையாமல் நிற்கிறது? லாரி போனால் கிளம்பும், பெல்ட் ஓடினால் கிளம்பும். ஆக மத்தியானம் மிஷினை நிறுத்திவிட்டுச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது, கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிகிற அந்தக் காற்றில் காலையில் உடைத்த கல் இன்னும் மிதந்துகொண்டிருக்கும்.

சரி, அப்படியானால் எப்படி அளக்க வேண்டும்? ஆள் மேலேயே மாட்டி அளக்க வேண்டும். இந்த யோசனை ரொம்பப் பழையதும் இல்லை. 1960-இல் இங்கிலாந்தில் ஹார்வெல் அணு ஆராய்ச்சி நிலையத்தில் ஷெர்வுட், கிரீன்ஹால் என்ற இருவர், பேட்டரியில் ஓடும் சின்னப் பம்பை ஆளின் உடம்பில் மாட்டி அளந்து காட்டினார்கள். சுவரோரம் வைத்த கருவி சொன்னதும் ஆள் மேல் இருந்த கருவி சொன்னதும் ஒத்துப்போகவில்லை. ஆள் மேல் இருந்தது பல மடங்கு கூடுதலாகக் காட்டியது. காரணம் எளிது. தூசி கிளம்பும் இடத்துக்குத்தான் ஆள் குனிகிறார், மிஷின் குனியாது.

ஒரு நாள் வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். காலை ஷிப்டுக்கு அரை மணி முன்னால் போய்விடுவோம். கையடக்கப் பம்பு ஒன்று இடுப்பு பெல்ட்டில். அதிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டியூப் முதுகு வழியாக ஏறி, தோளைத் தாண்டி, சட்டைக் காலரில் வந்து முடியும். டியூப்பை முதுகில் இரண்டு இடத்தில் டேப் போட்டு ஒட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் கன்வேயரில் மாட்டும். அது விளையாட்டு இல்லை. காலரில் இருப்பது சைக்ளோன் என்கிற சுண்டுவிரல் பருமனுள்ள கருவி, அதன் தலையில் 37 மில்லிமீட்டர் ஃபில்டர் கேசட். மூக்கு, வாயைச் சுற்றி 30 சென்டிமீட்டருக்குள் இது இருந்தாக வேண்டும். அதற்குள் இருக்கும் காற்றைத்தான் அவர் மூச்சுக்காற்று என்று ஒப்புக்கொள்கிறோம்.

சைக்ளோன் செய்கிற வேலை நம் ஊரில் முறத்தில் புடைப்பது மாதிரிதான். காற்றைச் சுழற்றும்போது கனமான துகள் சுவரில் அடித்துக் கீழே உள்ள சின்னக் குப்பியில் விழுந்துவிடும். நுண்பொடி மட்டும் மேலே போய் ஃபில்டரில் படியும். இந்தப் பிரிப்பு சரியாக நடக்க, காற்று குறிப்பிட்ட வேகத்தில்தான் போக வேண்டும். அலுமினியச் சைக்ளோனுக்கு நிமிடத்துக்கு 2.5 லிட்டர், பழைய நைலான் சைக்ளோனுக்கு 1.7, ஹிக்கின்ஸ்-டூவெல் வகைக்கு 2.2. வேகம் குறைந்தால் சுழற்சி குறையும், பெரிய துகளும் ஃபில்டருக்குப் போய்விடும். அதிகமானால் நுண்பொடியில் ஒரு பங்கும் குப்பியில் விழும். அதனால்தான் காலையில் மாட்டும் முன்னும் மாலையில் கழற்றிய பின்னும், ஃபில்டர் மாட்டிய நிலையிலேயே பம்பின் ஓட்டத்தை அளக்கிறோம். இரண்டுக்கும் 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் அந்தச் சாம்பிளைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். நான் பார்க்கும் ரிப்போர்ட்டுகளில் முதலில் தேடுவது இந்த இரண்டு எண்களைத்தான். அவை இல்லாவிட்டால் மீதியைப் படிப்பதில்லை.

ஃபில்டர் பி.வி.சி., துளை 5 மைக்ரான். 4 மைக்ரான் தூசியைப் பிடிக்க 5 மைக்ரான் துளையா என்று எல்லோரும் கேட்பார்கள். ஃபில்டர் சல்லடை மாதிரி வேலை செய்வதில்லை. துகள்கள் வளைந்து போகும் காற்றோடு வளைய முடியாமல் இழைகளில் மோதி ஒட்டிக்கொள்ளும், மிக நுண்ணியவை அலைந்து திரிந்து ஒட்டிக்கொள்ளும். காகித ஃபில்டர் வேண்டாம் என்பதற்குக் காரணம் ஈரம். அது காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்து எடை கூடிவிடும்.

அந்த எடைதான் விஷயமே. ஒரு கணக்கைப் பாருங்கள். 2.5 லிட்டர் ஓட்டத்தில் 480 நிமிடம் ஓடினால் 1,200 லிட்டர், அதாவது 1.2 கன மீட்டர் காற்று. ஃபில்டர் எடை 0.98 மில்லிகிராம் கூடியிருக்கிறது என்று வையுங்கள். கூடவே காற்றே இழுக்காமல் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்த வெற்று ஃபில்டர் 0.02 கூடியிருக்கிறது, அதைக் கழித்தால் 0.96. வகுத்தால் கன மீட்டருக்கு 0.80 மில்லிகிராம். எட்டு மணி நேரம் வெயிலிலும் புழுதியிலும் அலைந்து சேர்த்தது ஏறக்குறைய ஒரு சீனிப் பரல் எடை. அதனால்தான் மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு காட்டும் தராசு வேண்டும், வெப்பமும் ஈரமும் கட்டுக்குள் உள்ள அறை வேண்டும், வெற்று ஃபில்டர் கட்டாயம் வேண்டும். வெற்று ஃபில்டர் இல்லாத ரிப்போர்ட் கடையில் டப்பாவோடு எடை போட்டு விற்கிற கதைதான்.

இத்தோடு முடியவில்லை. 0.80 என்பது நுண்பொடி எல்லாம் சேர்ந்த அளவு. கிரஷரில் பயப்பட வேண்டியது அதற்குள் இருக்கும் குவார்ட்ஸ், அதாவது படிக சிலிக்கா. நம் ஊர் கருங்கல்லில் அது தாராளமாக உண்டு. பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கல்லுக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறைக்குப் போட்டிருந்த கல்லை வைத்துப் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் சூட்டிய பெயர் அது. கல்லறைக் கல்லின் பெயரைத் தாங்கிய கல்லைத்தான் வீடு கட்ட உடைத்துக்கொண்டிருக்கிறோம். போகட்டும். எடை போட்ட அதே ஃபில்டரை எக்ஸ்-ரே டிஃப்ராக்‌ஷன் அல்லது அகச்சிவப்பு முறையில் சோதித்தால் குவார்ட்ஸ் சதவீதம் வரும். கவனியுங்கள், ஃபில்டரில் உள்ள பொடியில் எத்தனை சதவீதம் என்பதுதான் வேண்டும். கல்லை உடைத்துச் சோதித்து வந்த சதவீதத்தை இங்கே போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சரியில்லை. கல்லில் உள்ள விகிதமே நுண்பொடியிலும் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

20 சதவீதம் என்று வந்ததாக வையுங்கள். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை தந்த சூத்திரம் இது: ரெஸ்பிரபிள் குவார்ட்ஸ் சதவீதத்தோடு 2-ஐக் கூட்டி, அதனால் 10-ஐ வகுக்க வேண்டும். 10-ஐ 22-ஆல் வகுத்தால் 0.45 மில்லிகிராம். நம் ஆளுக்கு 0.80. வரம்பைப் போல ஒன்றேமுக்கால் மடங்கு. உங்கள் கையில் உள்ள ரிப்போர்ட் "சரி" என்று சொன்ன அதே கிரஷரில், அதே நாளில் இப்படி வர முடியும். இரண்டு எண்ணும் பொய் இல்லை.

இந்தச் சூத்திரம் பற்றி ஒரு வார்த்தை. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது சுத்தக் குவார்ட்ஸை ஏறக்குறைய 0.1 மில்லிகிராமில் நிறுத்துகிறது. இதே சூத்திரத்தை வைத்திருந்த அமெரிக்கா 2016-இல் அதைக் கைவிட்டு, 0.05 என்று பாதியாக்கியது. அங்குள்ள தொழில் சுகாதார வல்லுநர்கள் சங்கம் பரிந்துரைப்பது இன்னும் பாதி, 0.025. நம் கணக்கில் உள்ள ஆள் இழுப்பது 0.80-இல் 20 சதவீதம், அதாவது 0.16. அமெரிக்க வரம்பைப் போல மூன்று மடங்குக்கு மேல். நம் சூத்திரத்துக்குள் அடங்கிவிட்டால் ஆபத்தே இல்லை என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஷிப்ட் நேரமும் முக்கியம். வரம்புகள் எட்டு மணி நேரத்துக்குப் போட்டவை. உங்கள் ஆட்கள் 12 மணி நேரம் நிற்கிறார்கள் என்றால், 0.40 என்று வந்ததை 12-ஆல் பெருக்கி 8-ஆல் வகுக்க வேண்டும், 0.60 ஆகிவிடும். சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும். காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் அளந்து அதையே முழு நாளுக்கும் நீட்டுவது நடக்கிற காரியம், ஆனால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், யார் மேல் மாட்டுவது? உங்கள் இடத்தில் முப்பது பேர் இருக்கலாம், வேலை ஐந்தாறு வகைதான். ஹாப்பரில் கல் தள்ளுகிறவர், ஜா கிரஷர் ஆபரேட்டர், சல்லடை மெஷ் மாற்றுகிறவர், பெல்ட்டுக்கு அடியில் கொட்டியதை மண்வெட்டியால் அள்ளுகிறவர், லோடர் டிரைவர், டோக்கன் போடும் பையன். நான் அளந்தவரை, பெரும்பாலும் மோசமாக வருவது ஆபரேட்டருக்கு இல்லை, பெல்ட் அடியில் அள்ளுகிறவருக்கு. தாழ்வான இடம், காற்று வராது, காய்ந்து உதிர்ந்த பொடியைத் திரும்பக் கிளறுகிற வேலை. அவர் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளி, ஒடிசாவில் இருந்தோ பீகாரில் இருந்தோ வந்தவர். அளக்கப்போகும் ஆட்களின் பட்டியலில் அவர் பெயர் இருக்கவே இருக்காது. லேப்காரரிடம் "அவரை விட்டுவிடாதீர்கள்" என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் போதுமா என்றால் போதாது. அதே ஆள், அதே வேலை, அடுத்த நாள் இரண்டு மூன்று மடங்கு வித்தியாசமாக வரும். காற்றுத் திசை, கல்லின் ஈரம், தண்ணீர் ஸ்பிரே, எல்லாமே மாறுகிறது. ஐரோப்பியத் தரநிலை இ.என். 689 இதற்கு ஒரு நடைமுறை வைத்திருக்கிறது. ஒரே மாதிரி வேலை செய்யும் குழுவில் மூன்று அளவுகள் எடுங்கள். மூன்றும் வரம்பில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் நிம்மதியாகப் போகலாம். இல்லையென்றால் மேலும் எடுக்க வேண்டும். ஆறு அளவாவது சேர்த்து புள்ளியியல் கணக்குப் போட்டுத்தான் சரி என்று சொல்ல முடியும். ஆக ஒரே ஒரு நாள், வரம்பில் 90 சதவீதம், "சரி" என்று முடிப்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை. இன்னொரு நாள் அளந்திருந்தால் தாண்டியிருக்கலாம்.

இதில் என்னவெல்லாம் கெட்டுப்போகும் என்பதற்கு என் அனுபவத்தில் இரண்டு சொல்கிறேன். ஒரு முறை ஒருவருக்கு நம்ப முடியாத அளவு வந்தது, கூட வேலை செய்தவரைப் போலப் பத்து மடங்கு. விசாரித்தால், மத்தியானம் சாப்பிடும்போது பம்பைக் கழற்றி, காலரில் இருந்ததையும் சேர்த்துச் சுருட்டித் தலைகீழாக மரக்கிளையில் தொங்கவிட்டிருக்கிறார். சைக்ளோனின் குப்பியில் இருந்த பெரிய துகள் எல்லாம் ஃபில்டரில் கொட்டிவிட்டது. அவர் மேல் தப்பில்லை, காலையில் நான் சொல்லியிருக்க வேண்டும். இன்னொரு இடத்தில் எண்கள் அழகாக, சுத்தமாக வந்தன. கழற்றும்போதுதான் கவனித்தேன், சாலையில் இருந்து ஷெட் வரை எல்லாம் நனைந்திருந்தது. நாங்கள் வருகிறோம் என்று முந்தின நாள் இரவில் இருந்தே தண்ணீர் அடித்திருக்கிறார்கள். அதையும் ரிப்போர்ட்டில் எழுதினேன்: ஸ்பிரே முழு நேரம் ஓடியது, உற்பத்தி இத்தனை டன், காற்று இந்தத் திசை என்று. முதலாளிக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதில் ஒரு நல்லதும் இருந்தது. தண்ணீர் அடித்தால் எவ்வளவு குறையும் என்பதற்கு அவர் கையாலேயே ஆதாரம் கொடுத்துவிட்டார்.

கையில் பிடித்தால் உடனே எண் காட்டும் கருவிகள் பற்றியும் கேட்பீர்கள். அவை தூசியில் ஒளி சிதறுவதை வைத்துக் கணக்கிடுகின்றன. எந்தத் தூசியை வைத்து அளவு திருத்தினார்களோ அதற்குத்தான் அந்த எண் பொருந்தும்; தண்ணீர் ஸ்பிரேயின் துளியையும் தூசி என்றே எண்ணும்; குவார்ட்ஸ் எவ்வளவு என்று சொல்லத் தெரியாது. வரம்போடு ஒப்பிட அதை நம்பாதீர்கள். ஆனால் தூசி எங்கே இருந்து கிளம்புகிறது, பெல்ட்டை மூடினால் குறைகிறதா என்று பார்க்க அது அருமையான கருவி. அதுவும் இல்லையென்றால், மாலை நாலரை மணிக்குத் தகரக் கூரை ஓட்டை வழியாக ஒரு வெயில் கற்றை விழும் இல்லையா, அதற்கு எதிர்ப்பக்கம் நின்று, சூரியனைக் கண்ணில் படாமல் மறைத்துக்கொண்டு பாருங்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாத பொடி புகை போலச் சுருண்டு யார் முகத்துக்குப் போகிறது என்று தெரியும். காசு செலவில்லை. அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் இப்போது ஆள் இடுப்பிலேயே எடை போட்டு, ஷிப்ட் நடக்கும்போதே எண் காட்டும் கருவி வந்துவிட்டது. 2016 முதல் அங்கே கட்டாயம். ஆனால் அதற்கும் குவார்ட்ஸ் தெரியாது.

மாஸ்க் போட்டிருக்கிறாரே என்று முதலாளி சொல்வார். காலரில் உள்ள கருவி மாஸ்குக்கு வெளியே உள்ள காற்றைத்தான் அளக்கிறது, அப்படித்தான் அளக்கவும் வேண்டும். மாஸ்கைக் காரணம் காட்டி எண்ணைக் குறைக்க முடியாது. அதிலும் மூக்கைச் சுற்றிக் கட்டிய துண்டு இந்த அளவுப் பொடிக்குக் கதவே இல்லாத வீடு.

இதைப் படிக்கும் பஞ்சு மில்காரர்களுக்கு ஒரு குறிப்பு. உங்களுக்கு மட்டும் கதை மாறும். பருத்தித் தூசிக்கு அமெரிக்கா 1978-இல் வரம்பு போட்டபோது, வெர்டிகல் எலுட்ரியேட்டர் என்கிற நிமிடத்துக்கு 7.4 லிட்டர் இழுக்கும் கருவியை, ஆட்கள் வேலை செய்யும் இடத்திலேயே நிறுத்தி அளக்கச் சொன்னது. நூற்புக்கு வரம்பு 0.2 மில்லிகிராம். ஆள் மேல் மாட்டும் சைக்ளோன் எண்ணை அந்த 0.2-ஓடு ஒப்பிட்டால் தப்பு. பிளோரூம், கார்டிங் பக்கம் அளந்த ரிப்போர்ட் உங்களிடம் இருந்தால் எந்தக் கருவி என்று முதலில் பாருங்கள்.

இனி உங்கள் கிரஷருக்கு. அந்தப் பழைய ரிப்போர்ட்டைக் கிழிக்க வேண்டாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அது வேண்டும், கோப்பிலேயே இருக்கட்டும். தொழிலாளர்களுக்குத் தனியாக அளக்க ஒரு லேப்பைக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போதே போனில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "என்ன சைக்ளோன், ஃபில்டரில் குவார்ட்ஸ் எந்த முறையில் பார்ப்பீர்கள்?" பதில் தடுமாறினால் வேறு லேப். வந்தால் பெல்ட் அடி ஆள், ஹாப்பர் ஆள், மெஷ் மாற்றுபவர், மூவருக்கும் முழு ஷிப்ட், வேறு வேறு நாளில், தண்ணீர் வழக்கம் போல ஓடட்டும். ரிப்போர்ட்டில் ஆள் பெயர் வேண்டாம், வேலை வகை போதும். மாட்டிய நேரம், கழற்றிய நேரம், முன்னும் பின்னும் ஓட்டம், வெற்று ஃபில்டர் எடை, குவார்ட்ஸ் சதவீதம் இருக்க வேண்டும். செலவைக் கேட்டு முதலாளி முகம் சுளித்தால், முதலில் பெல்ட் அடி ஆள் ஒருவருக்கு மட்டும் அளக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு ஃபில்டர் சாம்பல் நிறத்தில் வந்ததை மேசை மேல் வைத்துவிட்டுப் பிறகு பேசலாம்.